மிச்சம் பதினொரு நொடி

பச்சை விளக்கு அணையவில்லை.

ஆறாம் விசையைத் தட்டியதும் நான்கு வாக்கியங்களும் மளமளவென்று திரையில் கொட்டி முடிந்துவிட்டன. கடைசி முற்றுப்புள்ளியும் விழுந்தாயிற்று. விசை தன்னிடம் இருப்பதைக் கொட்டிக்கொண்டிருக்கும் வரைதான் கீபோர்டின் மூலையில் அந்தக் கடுகளவு விளக்கு எரியும். கொட்டி முடித்தால் அணைந்துவிடும். ஆறு வருடமாக அப்படித்தான். இன்று எரிந்துகொண்டே இருந்தது. ரேவின் வலிக்கிற மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துவிட்டபடி அதையே பார்த்தாள், காரணமே இல்லாமல் எண்ணினாள். பதினொன்று வந்தபோது அணைந்தது.

"சனியன், இதுக்கும் வயசாகுது" என்று முனகிவிட்டு அடுத்த ஒலிப்பதிவைத் திறந்தாள்.

ஜூலை மாதம். தென்கோளத்துக் கோடியிலிருக்கும் டனீடினில் ஜூலை என்றால் நடுக்குளிர்காலம்; மூன்றரை மணிக்கே சூரியன் குன்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்குப் பிறகு பகல் என்ற பெயரில் ஒரு சாம்பல் வெளிச்சம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கம் வியர்த்துச் சட்டத்தில் வழிந்தன. ஹீட்டர் முன்னால் கொடியில் தொங்கிய கம்பளிச் சட்டைகள் இரண்டு நாளாகியும் காயாமல் நனைந்த ஆட்டு வாசனையைப் பரப்பிக்கொண்டிருந்தன. மடியில் கிடந்த, ஒத்தடத்துக்கான கோதுமைப் பையில் சூடு ஆறிவிட்டிருந்தது. மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்து மணிக்கட்டில் போட்டுக்கொண்டால் ஒரு மணி நேரம் தாங்கும். எழுந்து போய் வைக்க வேண்டும். அதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

ஐம்பத்தேழு வயதில் இருபத்திரண்டு வருடங்களை அவள் காதில் ஹெட்போனும் காலடியில் பெடலுமாகக் கழித்திருந்தாள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து டாக்டர் பேசி அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பது வேலை. பெடலை மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். மற்ற டாக்டர்களுக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே கேட்டு அடித்துவிடுகிறது. டாக்டர் ஹேமிஷ் ஆர் மட்டும் பாதி வார்த்தையை மீசைக்குள்ளேயே விழுங்கிவிடுவார்; கம்ப்யூட்டர் கையைத் தூக்கிவிட்டது. அதனால் ரேவினுக்கு இன்னும் சோறு கிடைத்துக்கொண்டிருந்தது.

மணிக்கட்டு நரம்பு போனபோது வாங்கியதுதான் இந்தக் கீபோர்டு. இடது ஓரத்தில் எழுத்தே இல்லாமல் பன்னிரண்டு சாம்பல் விசைகள். எது எதைச் செய்ய வேண்டும் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். மேலே இருக்கும் சிவப்பு விசையை அழுத்தி, ஒரு சாம்பல் விசையைத் தொட்டு, வேண்டியதை ஒருமுறை அடித்துக் காட்டி, மறுபடி சிவப்பை அழுத்தினால் கற்றுக்கொண்டுவிடும். அப்புறம் ஒரு தட்டு போதும். கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடச் சுலபம். கிளியாவது சிலசமயம் சொந்தமாக எதையாவது உளறும்.

ஆறாம் விசை டாக்டர் ஆருக்காகவே இருந்தது. நெஞ்சுப் படத்தில் கோளாறு ஒன்றும் இல்லையென்றால் அவர் முழுதாகப் பேசவே மாட்டார். "வழக்கம்தான், ரேவின்" என்பார், அவ்வளவுதான். ரேவின் ஆறைத் தட்டுவாள். *இதயத்தின் அளவு இயல்பு. நுரையீரல்கள் தெளிவாக உள்ளன. எலும்புகளில் குறையில்லை. வேறெதுவும் காணப்படவில்லை.* ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு, சில நாள் ஐம்பது பேருக்கு இந்த நான்கு வரி போகும். நாற்பது வீட்டில் யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டுத் தேநீருக்குக் கெட்டிலைப் போடுவார். ஆரம்பத்தில் அதை நினைக்க அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்றே முக்காலுக்கு மெலே கூப்பிட்டாள். மெலே டோங்காத் தீவுக்காரி, டைப் அடிப்பவர்களுக்கு மேலாள். ஒரு காலத்தில் இருபது பேரை மேய்த்தவள், இப்போது ரேவினையும் இன்னொருத்தியையும் மேய்க்கிறாள். பாஸ்கோ என்ற நோயாளி விஷயமாக அந்தப் படிவம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். விசாரணைக்காரர்களுக்கு ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். டாக்டர் ஆர், 'வழக்கம்தான்' என்று சொன்ன பிறகு இன்னும் ஏதோ சொன்னதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒலிப்பதிவு தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிடும், எப்போதோ அழிந்துவிட்டது. ஆக, அவர் வார்த்தைக்கு எதிர் ரேவின் வார்த்தை.

"நீ ஒண்ணும் பயப்படாத கண்ணு" என்றாள் மெலே. "அந்த மனுஷன் படிக்காமயே கையெழுத்துப் போட்டிருக்காரு, அது அவரு தலவலி. முழுசாக் கேட்டேன், கேட்டதைத்தான் அடிச்சேன்னு ரெண்டு வரி எழுதிரு. முழுசாக் கேட்டதான?"

"கேக்காம வேற என்ன" என்றாள் ரேவின்.

"அதான. சீக்கிரம் அனுப்பு. நான் போயி சர்ச் ஆளுங்க பதினாலு பேருக்கு சேப்பங்கிழங்கு அவிக்கணும். என் வீட்டுக்காரருக்குக் கிழங்கு எந்தப் பக்கம் முளைக்கும்னே தெரியாது."

ரேவின் போனை வைத்தாள்.

முழுசாகக் கேட்கவில்லை. அதுதான் உண்மை, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை, அன்றைக்கு அறுபத்துநாலாவது அறிக்கை. "வழக்கம்தான், ரேவின்" என்ற குரல் கேட்டதும் விரல் தானாக ஆறுக்குப் போய்விட்டது, கால் பெடலைவிட்டு எழுந்துவிட்டது. திரையின் அடியில் ஒலிப்பதிவு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டை உண்டு. அதில் இன்னும் பதினொரு நொடி இருந்தது. அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் மூடினாள். வால்பகுதியில் எப்போதும் என்ன இருக்கும்? நாற்காலி கிரீச்சிடும், டாக்டர் தொண்டையைச் செருமுவார், கடியாரம் ஓடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் வாலைத் தாண்டிப் போகிறவர்கள்தான். ஒரு பெடல் மிதிக்கச் சோம்பல்பட்டாள், வேறொன்றுமில்லை.

நெவில் பாஸ்கோ மே மாதம் செத்துப்போனார். இடது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி இருந்தது. பத்திரிகையில் இரங்கல் விளம்பரத்தின் படத்தைப் பார்த்தபோதுதான் ரேவினுக்கு ஆளே தெரிந்தது: குன்றுப் பாதையில் பஸ் ஓட்டியவர். அவள் அலுவலகம் போய்வந்த காலத்தில் ஒன்பது வருடம் அவர் பஸ்ஸில்தான் ஏறினாள். அவள் மூச்சிரைக்க மேட்டில் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். வாயில் பெப்பர்மின்ட் உருளும். அவள் உட்காரும்வரை வண்டியை எடுக்க மாட்டார். "அவசரமில்லம்மா, நான் நிக்கறேன்" என்பார். இப்போது அவர் மனைவி ஐரிஸ், அந்தப் படத்தில் ஏன் ஒன்றுமில்லை என்று போட்டீர்கள் என்று கேட்கிறாள். அவளுக்கு வேறொன்றும் வேண்டாமாம், பதில்தான் வேண்டுமாம்.

பதினொன்று.

ரேவின் கீபோர்டைப் பார்த்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். காரணம் சொல்லக்கூடியதுதானே. இந்தக் கீபோர்டு எழுத்தை மட்டும் கற்றுக்கொள்வதில்லை, இடைவெளியையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். அடித்துக் காட்டிவிட்டுச் சிவப்பை அழுத்த மறந்து தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டினால், சும்மா இருந்த அந்த நேரமும் விசைக்குள் போய்விடும். பிறகு தட்டும்போதெல்லாம் அந்த வெறும் நேரத்தையும் ஒழுங்காகத் திரும்ப நடத்தும். புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. எப்போதோ அவளும் செய்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு வருடமாக இல்லாதது இன்றைக்கு எங்கிருந்து வரும் என்பதை அவள் யோசிக்க விரும்பவில்லை.

ஆறாம் விசையை அழித்தாள். சிவப்பு, ஆறு, நான்கு வாக்கியம், கடைசிப் புள்ளி விழுந்த கையோடு சிவப்பு. மூச்சுவிடும் நேரம்கூடக் கொடுக்கவில்லை. இடைவெளியைச் சேர்க்காதே என்ற குறியையும் போட்டாள். வெற்றுப் பக்கத்தைத் திறந்து தட்டிப் பார்த்தாள்.

நான்கு வரி கொட்டியது. விளக்கு எரிந்தது.

ஹீட்டரின் உறுமல் நின்றிருந்தது. சூடு போதுமென்று அது அவ்வப்போது தானாக ஓய்வதுண்டு. அந்த அமைதியில் ஜன்னல் சட்டத்திலிருந்து நீர் சொட்டுவது கேட்டது, கூரைமேல் ஏதோ நகர்ந்தது, பக்கத்து வீட்டு விறகுப்புகை கதவிடுக்கு வழியாக வந்து ஈரக் கம்பளியோடு கலந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது, இனிப்பாக, குளிர்ச்சியாக, மூக்கின் உச்சியில் போய் நிற்கிற மாதிரி. பெப்பர்மின்ட். ஒன்பது, பத்து, பதினொன்று. விளக்கு அணைந்தது. வாசனையும் போய்விட்டது.

வீட்டில் பெப்பர்மின்ட் கிடையாது. அவளுக்கு அது ஆகாது.

எழுந்து போய்க் கோதுமைப் பையை மைக்ரோவேவில் வைத்தாள். நிமிடத்தைத் தப்பாக அழுத்திவிட்டு, வறுத்த கோதுமை வாசனை கருகல் வாசனையாக மாறும்வரை அதன் முன்னாலேயே நின்றாள். மணி நாலே கால். தெருவிளக்குகள் எரிந்துவிட்டிருந்தன, கடற்பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. படிவத்தை அனுப்பித் தொலைத்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பயம்கூட அல்ல. அலுப்பு. இருபத்திரண்டு வருட அலுப்பும் மொத்தமாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

படிவம் மூன்று பக்கம். ஒரே கேள்வியை மூன்று பக்கத்திலும் மூன்று விதமாகக் கேட்டிருந்தார்கள். ஒரே பொய்யை மூன்று தரம் அடிக்க மணிக்கட்டு இடம் கொடுக்காது. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சும்மா கிடந்த ஒன்பதாம் விசையை எடுத்துக்கொண்டாள். சிவப்பு, ஒன்பது. *ஒலிப்பதிவை முடிவுவரை கேட்டேன். கேட்டதை முழுவதும் அடித்தேன்.* சிவப்பு.

முதல் பக்கத்தில் ஒன்பதைத் தட்டினாள். பொய் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்து உட்கார்ந்தது. விளக்கு எரிந்தது.

அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், கீபோர்டின் நடுவரிசையில் ஒரு விசை கீழே இறங்கியது. மெதுவாக. டைப் பழகாத ஒருவர் ஒற்றை விரலால் தேடி அழுத்துவது போல. இறங்கி, நின்று, எழுந்தது. அப்புறம் இன்னொன்று. பெப்பர்மின்ட் வாசனை முகத்துக்கு நேரே வந்தது, யாரோ தோளுக்குமேல் குனிந்து திரையைப் பார்க்கிற மாதிரி.

*இடது மேல் 14*

விளக்கு அணைந்தது.

அழித்தாள். பொய்யை மட்டும் விட்டுவிட்டு அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக அழித்தாள். இரண்டாம் பக்கம். ஒன்பது. பொய் வந்தது, விளக்கு எரிந்தது, விசைகள் இறங்கின.

*இடது மேல் 19*

"வேண்டாம்" என்றாள் ரேவின். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. "எனக்குத் தெரியாது நெவில். சத்தியமா எனக்கு அது நீங்கன்னு தெரியாது."

மூன்றாம் பக்கத்தில் அவள் தட்டவில்லை. ஒன்பது தானாக இறங்கியது.

*இடது மேல் 41*

நாற்பத்தொன்று. மே மாதத்தில் கட்டியின் அளவு, மில்லிமீட்டரில். மருத்துவமனைக் காகிதத்தில் அதைப் பார்த்திருந்தாள்; மெலே அனுப்பிய காகிதக் கட்டுக்குள் இருந்தது. கீபோர்டின் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். முனை கழன்று கையோடு வந்து மேசை விளிம்பில் ஆடியது.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹெட்போன் அவள் கழுத்தில் கிடந்தது. அதற்குள்ளிருந்து, யாரும் பெடலை மிதிக்காமலே, ஒரு சத்தம் வந்தது. உஸ்ஸென்று காற்று வெளியேறும் சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், ஒன்பது வருடம் காலையும் மாலையும் கேட்டது. பஸ் கதவு திறக்கிற சத்தம். திறந்த பிறகு மூடவில்லை. இன்ஜின் மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டு நின்றது.

காத்திருக்கிறார்.

ரேவின் அழுதாள். வெட்கம்தான் அதிகம், அதற்குப் பிறகுதான் பயம். இத்தனைக்கும் அந்த மனிதர் ஒருநாள்கூட அவளை விட்டுவிட்டுப் போனதில்லை. சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். சொன்னால் வேலை போகும், பெயர் போகும், மெலே என்ன நினைப்பாளோ. போகட்டும். ஐரிஸுக்குப் பதில் கிடைக்கும். சொல்லிவிட்டுத் தூங்கலாம். 

அலமாரியிலிருந்து பழைய கீபோர்டை எடுத்தாள். சாம்பல் விசைகள் இல்லாத, சாதாரணமான, தூசி படிந்த ஒன்று. அதைச் செருகி, மூன்று பக்கத்தையும் சுத்தமாக அழித்துவிட்டு, *பதினொரு நொடி மிச்சமிருந்ததைப் பார்த்தேன்* என்று எழுதுவதற்காக முதல் எழுத்தைத் தொட்டாள்.

*இதயத்தின் அளவு இயல்பு. நுரையீரல்கள் தெளிவாக உள்ளன. எலும்புகளில் குறையில்லை. வேறெதுவும் காணப்படவில்லை.*

அடுத்த எழுத்தைத் தொட்டாள். மறுபடி நான்கு வரி. இன்னொன்று. நான்கு வரி. எதைத் தொட்டாலும் அதே. பக்கம் நிறைந்தது. அடுத்த பக்கம் நிறைந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

மணி ஐந்தாக இன்னும் ஆறு நிமிடம். போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே மெலேயின் குரல் வந்தது, பின்னால் பாத்திரங்கள் உருண்டன.

"என்ன கண்ணு, அனுப்பிட்டியா? இங்க ஒண்ணும் வரலயே."

மெலே, நான் கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். மிச்சம் இருந்தது, பார்த்தேன், கேட்கவில்லை. வார்த்தைகள் நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன.

மேசைமேல், வயர் கழன்று கிடந்த கீபோர்டில், ஆறாம் விசை இறங்கியது.

"இதயத்தின் அளவு இயல்பு" என்றது அவள் வாய். "நுரையீரல்கள் தெளிவாக உள்ளன. எலும்புகளில் குறையில்லை. வேறெதுவும் காணப்படவில்லை."

குரல் அவளுடையதுதான். ஏற்றமில்லை, இறக்கமில்லை. மளமளவென்று கொட்டியது.

"என்னது?" மெலே சிரித்தாள். "யாரு ரிப்போர்ட்டுடி இது? ரேவின்?"

பச்சை விளக்கு எரிந்தது. ரேவினுக்கு வாய் திறந்தே இருந்தது. தாடை அசையவில்லை, நாக்கு அசையவில்லை. உள்ளே அவள் கத்திக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை மெலே. நான் கேட்கவே இல்லை. மூச்சு மட்டும் வெளியே வந்தது. அதில் பெப்பர்மின்ட் மணத்தது.

"ஏய், இருக்கியா? சத்தத்தையே காணோம்." ஏழு. எட்டு. "உனக்கு மண்டை காஞ்சு போச்சு, தெரியுதா. போயிப் படு. அஞ்சாகப் போகுது, உன் பேருல நானே போட்டுடறேன். முடிவுவரை கேட்டேன், கேட்டதை முழுசா அடிச்சேன். அவ்வளவுதான? வழக்கம்தான்."

பத்து.

மெலே போனை வைத்துவிட்டாள். பாத்திரச் சத்தம் அறுந்து, வெறும் இரைச்சல் வந்தது.

பதினொன்று. விளக்கு அணைந்தது. தாடை இளகியது. ரேவின் மறுபடி மெலேயின் எண்ணை அழுத்தினாள். ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே முழுதாக இருட்டிவிட்டது. கண்ணாடியில் அவள் முகமும் அந்த மேசையும் மட்டும் தெரிந்தன. மெலே எடுத்தாள்.

"சொல்லு கண்ணு."

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாம்பல் விசைகளின் வரிசையில் ஆறாவது விசை, யாரோ நிதானமாக விரல் வைத்து அழுத்துவதுபோல, அவசரமே இல்லாமல் கீழே இறங்கியது. அவள் வாய் திறந்தது.